இரண்டு பல்கலைக்கழகங்களை விசாரிக்கப் போனது

அம்மாடி, தம்பி, உங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் இப்போது அவசரம் தம்பிக்குத்தான். பன்னிரண்டாவது முடிக்கப் போகிறான். அதனால் அம்மாடி, உன்னை இதில் "அக்கா" என்றே எழுதுகிறேன், அவனுக்குக் குழப்பம் வரக் கூடாது. கோவிச்சுக்காதே. நான் பத்தாவதோடு நிறுத்தினவன். அலுமினியக் கதவுக்கு அளவு குறிக்கிறதோடு என் எழுத்து சரி. தப்பு இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். சிரிப்பு வந்தால் எனக்குக் கேட்காமல் சிரியுங்கள்.

யார் பெயரையும் எழுதவில்லை. பல்கலைக்கழகங்களின் பெயரையும் எழுதவில்லை. இரண்டும் நல்ல இடம், இரண்டும் கவர்மெண்ட்டுது. ஒன்று நம்ம ஊரில் இருக்கிறது. இன்னொன்று அடுத்த மாவட்டத்தில், பஸ்ஸில் ஒரு தூக்கம் போட்டு எழுந்தால் வந்துவிடும். நம்ம வீட்டில் அதுகளுக்கு உள்ளூர், வெளியூர் என்றுதான் பெயர். இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

அக்கா பி.எஸ்சி. பிசிக்ஸ் முடித்துவிட்டு எம்.எஸ்சி.க்கு இரண்டுக்கும் போட்டாள். இரண்டிலும் இடம் கிடைத்தது. ஒன்றும் கிடைக்காவிட்டால் வீட்டில் வருத்தம் இருக்கும், அதைத் தாங்கிக்கொள்ளலாம். இரண்டும் கிடைத்தால் என்ன ஆகும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

அந்த வாரம்தான் அமராவதிபுதூர் மண்டபத்தில் உங்கள் அத்தை வீட்டுக் காதுகுத்து. பந்தியில் எனக்கு இந்தப் பக்கம் அத்தை வீட்டு மாமா, அந்தப் பக்கம் உங்கள் தாய்மாமா. அத்தை வீட்டு மாமா உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர். இன்றைக்கும் அதை "எங்க யுனிவர்சிட்டி" என்றுதான் சொல்வார், பாகப்பிரிவினையில் அவர் பங்குக்கு வந்த மாதிரி. தாய்மாமா வெளியூரில் எம்.ஏ. படித்து வாத்தியார் ஆனவர். அவருக்கு அது கோயில். முறைக்கு இரண்டு பேரும் அண்ணன் தம்பி. அண்ணே, தம்பி என்று கூப்பிட்டுக்கொண்டேதான் அடித்துக்கொள்வார்கள்.

இலையில் சோறு விழுந்ததும் அத்தை வீட்டு மாமா ஆரம்பித்தார். "என்ன மச்சான், மகளை எப்ப எங்க யுனிவர்சிட்டி பஸ்ஸுல ஏத்துறே?"

"அண்ணே, அது பஸ் ஏறுறதுக்குப் போகல, படிக்கப் போகுது" என்றார் தாய்மாமா.

"படிக்கத்தேன் சொல்றேன் தம்பி. ராங்க் லிஸ்ட்டைப் பாத்தியா? எங்களுக்குக் கீழ எங்கேயோ கிடக்கீக."

"அது எந்த லிஸ்ட்டு? எனக்கு வாட்ஸப்புல வந்ததுல நாங்கதேன் மேல."

"வாட்ஸப்புல நான் செத்துப் போயிட்டேன்னுகூட வரும். இது பேப்பர்ல வந்தது."

"பேப்பர்ல விளம்பரமும் வரும்ணே."

"இங்கன அட்மிசன் அன்னைக்கு வந்து பாரு. பிள்ளைக வரிசை ரோடு வரைக்கும் நிக்குது."

"பரோட்டாக் கடையிலயுந்தேன் வரிசையில நிக்கிறாக. பேரு எங்களுது, கூட்டம் ஒங்களுது. அம்புட்டுத்தேன்."

"பேரை வச்சு நாக்கு வழிக்கவா?"

சாம்பார் வாளியோடு நின்றவர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "இது உள்ளூர் சாம்பாரு. ஊத்தவா, வேண்டாமா?" என்றார். வரிசை முழுக்கச் சிரித்தது. இரண்டு மாமாவும் சிரிக்கவில்லை.

கை கழுவுகிற இடத்தில் தனித்தனியாக என்னைப் பிடித்தார்கள். "பொம்பளப் பிள்ளை, கண்ணு முன்னால இருக்கட்டும். வெளியூருக்கு அனுப்பிட்டு நீ வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு இருக்கப் போறியா?" என்றார் ஒருவர். "உள்ளூர்லயே படிச்சா உள்ளூர்லயே நின்னுரும் மாப்ளே. நாலு ஊரு பிள்ளைகளோட பழகட்டும்" என்றார் இன்னொருவர். இரண்டிலும் நியாயம் இருந்தது. இரண்டு பேரும் பிசிக்ஸ் என்ற வார்த்தையை ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. அது அப்போது எனக்குத் தோன்றவும் இல்லை.

திங்கட்கிழமைக்குள் ஏதாவது ஒன்றில் பணம் கட்டிச் சேர வேண்டும். பைக்கில் வரும்போது உங்கள் அம்மா முதுகுப் பக்கமிருந்து சொன்னாள். "ஏங்க, எங்க அண்ணனும் ஒங்க அத்தானும் கல்யாணத் தரகர் மாதிரி பேசுறாக. தரகர் பேச்சைக் கேட்டு யாராச்சும் பொண்ணு கொடுப்பாகளா? நீங்க நேர்ல போயி விசாரிச்சுட்டு வாங்க. ஒங்களுக்குத் தெரியாததா?"

அவள் சொன்னதில் விஷயம் இருக்கிறது. நம்ம சொந்தத்தில் யார் வீட்டில் சம்பந்தம் பேசினாலும், மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்க என்னைத்தான் அனுப்புவார்கள். வீடு வீடாகக் கதவு, ஜன்னல் மாட்டப் போகிறவன் என்பதால் எந்தத் தெருவில் போய் நின்றாலும் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். அந்த வேலைக்கு ஒரு முறை உண்டு. மாப்பிள்ளை வீட்டில் கேட்கக் கூடாது. அவர்கள் சொந்தக்காரர்களிடமும் கேட்கக் கூடாது. எதிர்த்தாற்போல் இருக்கிற டீக்கடை, பலசரக்குக் கடையில்தான் கேட்க வேண்டும். பையன் நல்லவனா என்று கேட்டால் ஆமா என்றுதான் சொல்வார்கள். அதனால் சாயங்காலம் எத்தனை மணிக்கு வீடு திரும்புவான், கடையில் சில்லறை பாக்கி இருந்தால் மறுநாள் கேட்பானா விட்டுவிடுவானா, இந்த மாதிரிதான் கேட்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, வந்த காரியத்தை வாயால் சொல்லக் கூடாது. சொல்லிவிட்டால் பேச்சு ஜோடனையாகிவிடும்.

பல்கலைக்கழகத்தையும் அப்படியே விசாரிப்பது என்று முடிவு பண்ணினேன். எனக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். பிள்ளையின் இரண்டு வருஷத்தை யாரோ வாட்ஸப்பில் அனுப்பின பட்டியலை நம்பி விடக் கூடாது என்ற பிடிவாதம் எனக்குள் வந்துவிட்டது.

முதலில் உள்ளூர். கேட்டுக்கு எதிரே ஒரு ஜூஸ் கடை. கடைக்கார அக்கா நல்ல பேச்சுக்காரி. சாத்துக்குடி ஜூஸ் சொல்லிவிட்டு, ரோட்டைப் பார்த்தபடி, "இங்க வேலை பாக்குற வாத்தியாருக எல்லாம் நேரத்துக்கு வாராகளா?" என்று ஆரம்பித்தேன்.

"வாராக."

"சாயங்காலம் எத்தனை மணிக்குக் கிளம்புவாக?"

பிழிந்துகொண்டிருந்த கை நின்றது. என்னை ஏற இறங்கப் பார்த்தார். இறக்கி விட்ட வேட்டி, தோளில் துண்டு, கையில் மஞ்சப் பை. "எந்த டிபார்ட்மெண்ட்டு?" என்றார்.

அக்கா சேர வேண்டியதைத்தான் கேட்கிறார் என்று, "பிசிக்ஸு" என்றேன்.

"ஓ, புதுசா வந்த சாரா!" முகமெல்லாம் சிரிப்பு. "தங்கமான பையன். ஒரு வெத்தலை பாக்குப் பழக்கம் கிடையாது. தாயார் மட்டுந்தேன். சொந்த வீடு தஞ்சாவூருப் பக்கம்னு கேள்வி. பொண்ணு என்ன படிச்சிருக்கு?"

மாப்பிள்ளை விசாரிக்க வந்தவன் என்று நினைத்துவிட்டார் என்று அப்போதுதான் புரிந்தது. வந்த காரியத்தைச் சொல்லக் கூடாது என்கிற முறை இருக்கிறதே, அது வாயைக் கட்டிவிட்டது. "பி.எஸ்சி." என்றேன்.

"அப்பப் பொருத்தந்தேன். அந்த மாடியில லைட்டு எரியுது பாருங்க, அதேன் அவுக லேப்பு. மத்த கட்டடம் எல்லாம் இருட்டின பின்னாடியும் அது ஒண்ணுல வெளிச்சம் இருக்கும். பிள்ளைகளும் இருக்கும், ஒரு மேடமும் இருப்பாக. நான் கடை அடைக்கையிலதேன் எல்லாம் இறங்கி வருதுக."

இதுதான் எனக்கு வேண்டிய சேதி. சேதி கிடைத்த சந்தோஷத்தில், மாப்பிள்ளை விஷயத்தை மறுத்துச் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டேன். பின்னால், "நல்ல சேதியோட வாங்க!" என்று அந்த அக்கா சத்தம் போட்டது காதில் விழுந்தது.

மறுநாள் வெளியூர். அங்கே ஒரு மெஸ்ஸில் சாப்பிட உட்கார்ந்தேன். பரிமாறினவரிடம் மெல்ல, இங்கே பிள்ளைகள் எந்த ஊரிலிருந்தெல்லாம் வருகிறார்கள் என்று கேட்டேன். அவர் பல ஊர்ப் பெயரைச் சொல்லிவிட்டு என் ஊரைக் கேட்டார். காரைக்குடிப் பக்கம், மானகிரி என்றேன்.

"அங்கயே ஒண்ணு இருக்குமே? அதுல இடம் கிடைக்கலையா?" என்றார். பக்கத்து மேஜையில் இரண்டு மாணவர்கள் கிளுக்கென்று சிரித்தார்கள்.

நான் நடுநிலையாகத்தான் போனேன். சத்தியமாகச் சொல்கிறேன். ஆனால் அந்தச் சிரிப்பு எங்கேயோ சுருக்கென்று குத்தியது. "ஏன் கிடைக்காம? ஒங்க இடத்தை விட்டுட்டு எங்க இடத்துக்கு வாரதுக்கு ரோடு வரைக்கும் வரிசையில நிக்கிறாக, தெரியுமா?" என்றேன். அத்தை வீட்டு மாமாவின் குரல் என் வாயிலிருந்து வந்தது. சொன்ன பிறகு எனக்கே வெட்கமாகிவிட்டது. மெஸ்காரர் கோபப்படவில்லை. ரசத்தை ஊற்றிவிட்டு, "எங்க லைப்ரரியைப் பாத்துட்டுப் பேசுங்கண்ணே" என்றார். போய்ப் பார்த்தேன். வாசலோடு நிறுத்திவிட்டார்கள். ஆனால் கண்ணாடி வழியே தெரிந்தது. வெயில் நேரத்தில் அத்தனை பிள்ளைகள் தலையைத் தூக்காமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபோது, தாய்மாமா சொல்கிற "பேரு" என்பது சும்மா வந்ததில்லை என்று தெரிந்தது. வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

திரும்பி வருகிற பஸ்ஸில் தூக்கம் வரவில்லை. இரண்டும் நல்ல குடும்பம் என்று வந்தால் விசாரிக்கப் போனவன் என்ன சொல்வான்?

சனிக்கிழமை சாயங்காலம் பட்டறையிலிருந்து வீட்டுக்குள் நுழைந்தால், அக்கா கூடத்தில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். "நான் வெளியூருக்கே போறேன். முடிவு பண்ணிட்டேன்" என்றாள். அவ்வளவுதான். என் முகத்தைப் பார்க்கவில்லை. எப்படியோ முடிந்தது என்று எனக்கு ஒரு நிம்மதி. தாய்மாமாவுக்குத் தகவல் போனது. அரை மணி நேரத்தில் அல்வாவோடு வந்துவிட்டார். "பாத்தியா மாப்ளே, எம் மருமக கெட்டிக்காரி. அண்ணனுக்கு நானே போன் போட்டுச் சொல்றேன்" என்றார். தம்பி, நீ அந்த அல்வாவை நிறையத் தின்றாய். அக்கா தொடவில்லை. அம்மா அதைக் கவனித்தாள், நான் கவனிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பட்டறையில் ஒரு ஜன்னல் சட்டம் அறுத்துக்கொண்டிருந்தேன். அக்கா தூக்கில் காப்பி கொண்டு வந்தாள். வழக்கமாக வைத்துவிட்டுப் போவாள். அன்றைக்குப் போகவில்லை. மிஷினை நிறுத்தினேன்.

"மாப்பிள்ளைக்கு என்ன வயசுப்பா?" என்றாள்.

"எந்த மாப்பிள்ளை?"

"பிசிக்ஸ் சாரு. தாயார் மட்டும். தஞ்சாவூரு. ஜூஸ் கடையில நீங்க விசாரிச்சீகளாமே. அங்க படிக்கிற என் ஃப்ரெண்டு போன் பண்ணி கங்கிராட்ஸ் சொல்றா."

நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். மஞ்சப் பை, துண்டு, நான் பிசிக்ஸு என்று சொன்னது, பி.எஸ்சி. என்று சொன்னது எல்லாம். முதலில் முறைத்துக்கொண்டு கேட்டாள். "நல்ல சேதியோட வாங்க" என்கிற இடத்தில் சிரித்துவிட்டாள். சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் வந்தது. அது சிரிப்புத் தண்ணீர் மட்டும் இல்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"இதுக்குத்தேன் வெளியூரு போறேன்னியா?"

"வேற எதுக்கு? உள்ளூர்ல சேந்தா வீட்டுல இருப்பேன். வீட்டுல இருந்தா வாரவுகளுக்கு எல்லாம் காப்பி கொண்டு வரணும். கொண்டு வந்தாப் பாப்பாக. பாத்தாக் கேப்பாக. நீங்க ஒரு தடவை வேண்டாம்பீக, ரெண்டு தடவை வேண்டாம்பீக. மூணாவது தடவை அத்தை வருவாக."

அத்தை வந்தால் நான் மறுக்க மாட்டேன் என்று என்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

"சரி. அந்த பயம் இல்லேன்னா எதுல சேருவே?" என்றேன். இரண்டு ஊர் போய், முன்பின் தெரியாதவர்களிடம் எல்லாம் கேட்டவன் இந்த ஒரு கேள்வியை அவளிடம் கேட்க ஞாயிற்றுக்கிழமை ஆகியிருக்கிறது.

அவள் யோசிக்கவே இல்லை. "உள்ளூர்லதான்பா. அங்க படிகம் வளக்குறாக. காலேஜ்ல படிக்கையில ஒரு நாள் கூட்டிக்கிட்டுப் போயிக் காட்டுனாக." எனக்குப் புரிய வேண்டும் என்று தூக்கு மூடியைக் கையில் எடுத்துக்கொண்டு விளக்கினாள். உப்பு மாதிரி ஒரு பொருளைத் தண்ணீரில் கரைத்து வைப்பார்களாம். பாலுக்கு உறை குத்தி வைக்கிற மாதிரி ஆட்டாமல் அசைக்காமல் வைக்க வேண்டுமாம். சூடு கூடவும் கூடாது, குறையவும் கூடாது. நாள் கணக்கில் காத்திருந்தால் கண்ணாடித் துண்டு மாதிரி ஒன்று அதுவாக வளருமாம். லேசர் வேலைக்கு எல்லாம் அது உதவுமாம். "தினமும் சாயங்காலம் போயிப் பாக்கணும். முதல் வருசத்துலேயே வந்து பழகலாம்னு அந்த மேடம் சொன்னாக. வெளியூர்லயும் நல்லாத்தான் சொல்லித் தருவாக. ஆனா அங்க இது இல்ல, வேற ஆராய்ச்சி."

ஜூஸ் கடை அக்கா காட்டின வெளிச்சம் ஞாபகம் வந்தது. அங்கே இருக்கிற மேடம் இவள் சொல்கிற மேடம்தான்.

"அப்ப உள்ளூர்ல சேரு. ஹாஸ்டல்ல தங்கிக்கோ" என்றேன். எப்படி வந்தது என்று தெரியவில்லை, வாயிலிருந்து வந்துவிட்டது. வந்த பிறகு அது சரி என்று பட்டது.

"நம்ம ஊர்லயா? ஹாஸ்டலா? சிரிப்பாகப்பா."

"சிரிக்கட்டும். படிப்பு முடியுற வரைக்கும் மாப்பிள்ளைப் பேச்சை எவன் எடுத்தாலும் நான் எந்திருச்சுப் போயிருவேன். அத்தை வந்தாலுஞ் சரி."

அன்று மத்தியானமே இரண்டு மாமாவையும் வீட்டுக்கு வரச் சொன்னேன். ஒருவருக்குச் சொல்லி ஒருவருக்குச் சொல்லாமல் விட்டால் அது வேறு வம்பு. உள்ளூர் என்றதும் அத்தை வீட்டு மாமா தொடையைத் தட்டினார். "நான் அப்பவே சொன்னேன்ல?" தாய்மாமா அல்வா டப்பாவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு நான் ஹாஸ்டல் என்றேன்.

தம்பி, அன்றைக்குத்தான் உன் இரண்டு மாமாவும் முதல்முதலாக ஒரு பக்கம் சேர்ந்தார்கள்.

"ஊருக்குள்ள வீட்டை வச்சுக்கிட்டு ஹாஸ்டலா? மச்சான், ஒனக்கு மண்டை கிண்டை குழம்பிப் போச்சா?"

"அண்ணன் சொல்றது சரிதேன் மாப்ளே. வீட்டுல என்னமோ பிரச்சனைன்னு பேசுவாக."

"நம்ம பஸ்ஸு மானகிரி வழியாத்தேன் போகுது. வாசல்ல ஏறி வாசல்ல இறங்கலாம்."

"ஆமாண்ணே, நல்ல வசதி."

உள்ளூர் பஸ்ஸை தாய்மாமா பாராட்டினதைக் கேட்டு அடுப்படியில் உங்கள் அம்மா சிரித்துவிட்டாள். நான் சிரிக்கவில்லை. எனக்குப் பெரிய பேச்செல்லாம் வராது. "ரெண்டு பேரும் இம்புட்டு நாளா எது பெருசு எது பெருசுன்னு பேசுனீக. இந்தப் பிள்ளை அங்க போயி என்ன செய்யப் போகுதுன்னு நீங்களும் கேக்கல, நானும் கேக்கல. இப்பக் கேட்டுட்டேன். அது சாயங்காலம் இருக்க வேண்டிய இடம் லேப்பு. இருட்டுன பின்னாடி பஸ்ஸு கிடையாது. ஹாஸ்டல்தேன்" என்றேன்.

"பேசுறவுக பேசுனா?" என்றார் தாய்மாமா.

"எங்கிட்ட வந்து பேசச் சொல்லுங்க மச்சான்."

அத்தை வீட்டு மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். போகிற போக்கில் அக்காவைப் பார்த்து, "ஹாஸ்டல்ல சாப்பாடு சரியில்லேன்னா எனக்குப் போன் போடு. கேண்டீன்காரன் எனக்குத் தெரிஞ்சவன்" என்றார். தாய்மாமா கொஞ்ச நேரம் கழித்து, "லைப்ரரிக்கு எங்க இடத்துக்கு வாத்தா. நான் கூட்டிக்கிட்டுப் போறேன்" என்றார். அதற்கு மேல் சண்டை இல்லை.

திங்கட்கிழமை சேர்த்தோம். அடுத்த வாரம் ஹாஸ்டலில் விட்டோம். வாளி, பாய், தலையணை, அம்மா போட்ட எலுமிச்சை ஊறுகாய். பக்கத்து ரூம் பிள்ளை தர்மபுரியிலிருந்து வந்திருந்தது. "நீங்க எந்த ஊரு?" என்று கேட்டது. "இந்த ஊருதான்" என்று அக்கா சொன்னபோது அது விழித்ததைப் பார்த்து நாங்கள் எல்லாரும் சிரித்தோம். அம்மாவையும் தம்பியையும் மினி பஸ்ஸில் ஏற்றிவிட்டு, கண்ணாடிக் கடை வரை போக வேண்டும் என்று பொய் சொல்லி நான் பின்தங்கினேன்.

நேரே ஜூஸ் கடைக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் அந்த அக்கா டம்ளரைக் கழுவ ஆரம்பித்துவிட்டார். "வாங்க வாங்க. எங்க ஆளையே காணோம்? சாருகிட்டகூடச் சொல்லிட்டேன், பெரிய மனுசர் ஒருத்தர் வந்து விசாரிச்சாருன்னு. பாவம், வெக்கப்பட்டுக்கிட்டு ரெண்டு ஜூஸு குடிச்சுட்டுப் போனாரு."

அந்த சார் பாடம் நடத்துகிற வகுப்பில்தான் அக்கா மறுநாள் போய் உட்கார வேண்டும். கடையில் நாலைந்து பிள்ளைகள் நின்றார்கள். அவர்களுக்கும் கேட்கட்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். "அக்கா, நான் மாப்பிள்ளை பாக்க வரல. எம் மகளைப் படிக்க வைக்க இடம் பாக்க வந்தேன். இங்கதேன் பிசிக்ஸுல சேந்திருக்கா. படிக்கத்தேன் வந்திருக்கா. அந்த சாருகிட்டயும் இதைச் சொல்லிருங்க, நான் மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லுங்க."

"அப்ப அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?" என்றார் அந்த அக்கா.

"சொல்லியிருக்கணும்" என்றேன்.

ஜூஸ் குடித்தேன். காசு கொடுத்தேன். பைக்கை எடுக்கப் போனவன், திரும்பி வந்து பக்கத்தில் இருந்த ஜெராக்ஸ் கடையில் ஏறினேன். அங்கே இருந்தவரிடமும் அதே விஷயத்தை முதலிலிருந்து சொன்னேன். அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. இருந்தாலும் சொன்னேன்.